வெள்ளிக்கிழமை பத்து நிமிடம்

அன்புக் கண்ணு கயல்,

பள்ளிக்கூடத்தில், எந்தப் பாடம் எந்த மாதம் நடக்கிறது என்று காட்டும் பாடத்திட்ட வரைபடப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதற்கான இணையச் செயலிகளைத் தேடிக்கொண்டிருக்கிறாய் என்றும் சொன்னாள். பென்சில் டப்பா வாங்கப் போனாலே கடையைப் புரட்டிப் போடுகிறவள்தானே நீ!

செயலி இருக்கட்டும், முதலில் நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியைப் பிரித்துப் பார். இயக்கவியல் அலகிலேயே வெக்டரும் நுண்கணிதமும் வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. இயற்பியல் வகுப்பில் பிள்ளைகள் முழிப்பார்கள். "கணக்கு வாத்தியார் இன்னும் நடத்தலையா?" என்று இயற்பியல் வாத்தியார் கேட்பார். இருவரும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள்தான். இந்த மாதிரி இடறல் கண்ணில் படத்தானம்மா வரைபடம். எந்தச் செயலியானாலும் "வெக்டர்" என்று தட்டிப் பார். எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்த மாதம் வருகிறது என்று ஒரே திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதன் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்காதே.

தமிழய்யாவிடம் அவர் பழைய பாடக்குறிப்பை வாங்கிச் செயலியில் ஒட்டிப் பார். பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் இணையத்தில் போட்டதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடும். யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அவர் தலையில் கட்டாதே, நீயே செய்து கொடு.

காசு கட்டும் செயலியானால் முதல் நாளே ஒரு வகுப்பின் பதிவை எக்செல்லாக இறக்கிப் பார். சந்தா நின்ற பிறகு உள்ளே கிடக்கும் உழைப்பை யாரிடம் போய்க் கேட்பாய்? உங்கள் மாதிரி சின்னப் பள்ளிக்கு கூகுள் ஷீட்ஸே போதும் என்பது என் எண்ணம். பலர் ஒரே நேரத்தில் எழுதலாம். யாராவது தெரியாமல் அழித்தாலும் பழைய பதிப்பை மீட்டுவிடலாம்.

எனக்குக் கவலை வேறு. அமெரிக்கப் பேராசிரியர் ஃபென்விக் இங்கிலீஷ் 1980-இல் பாடத்திட்ட வரைபடத்தைப் பற்றி எழுதியபோதே, காகிதத்தில் இருக்கும் பாடத்தைவிட வகுப்பில் நிஜமாக நடந்த பாடத்தைப் பதியத்தான் சொன்னார். நீயோ செய்முறை நோட்டைக் கடைசி ராத்திரியில் எழுதி முடித்தவள்! மார்ச்சில் உட்கார்ந்து ஜூன் மாதத்தை எழுதினால் புத்தகத்தின் பொருளடக்கம்தான் வரும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் பத்து நிமிடம் உட்கார். நடத்தியது எது, நின்றுபோனது எது, மழை விடுமுறையா விளையாட்டு விழாவா என்று ஒரு வரி. நீ எழுதுவதைப் பார்த்தால்தான் மற்றவர்களும் எழுதுவார்கள்.

முடிவு செய்யும் முன், ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் அவர் போனிலேயே ஒரு வாரப் பாடத்தை ஏற்றச் சொல். அவருக்குச் சலிப்பு தட்டினால் அந்தச் செயலி வேண்டாம்.

பதினோரு மணிக்குள் தூங்கு. தீபாவளிக்கு வரும்போது மடிக்கணினியையும் எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம். உனக்கு அதிரசம் சுட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை