சிவப்பு எழுத்தும் சம்பளப் பதிவேடும்

அன்புள்ள தம்பிக்கு,

நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சான நாள் எல்லாம் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாளே என்று நம்புவோர் படித்தவர்களிலும் மிகுதி. மாட்டுப் பொங்கலன்று பின்னலாடை ஆலையைத் திறந்த முதலாளி சட்டத்தை மீறியவர் ஆகாரா என்ற உன் கேள்வியும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல், 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், அதாவது கடனுறுதிச் சீட்டு, உண்டியல், காசோலை ஆகியவற்றை ஆளும் சட்டம், அதன் 25ஆம் பிரிவைச் சார்ந்து பிறப்பது. ஒரு சீட்டின் தவணை பொது விடுமுறை நாளில் முடிந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் செலுத்தவேண்டியதாகக் கொள்ளப்படும் என்பதே அப்பிரிவின் சாரம்; தொழிலாளி என்ற பேச்சே அதில் கிடையாது. அப்பட்டியலில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிவுக்காக இடம்பெறுவதைக் கண்ட பிறகும், அது அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் ஆன பட்டியல் என்பது விளங்காமற்போவது வியப்பே. தாத்ரா நாகர் ஹவேலியில் ஆகஸ்ட் 2ஐ விடுமுறையாக்கக் கோரிய வழக்கில், பொது விடுமுறை எவருக்கும் அடிப்படை உரிமை அன்று எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2022இல் சொன்னதும் இங்கே கருதத்தக்கது.

இதில் ஒரு வரலாற்று விந்தையும் உண்டு. 1881இன் சட்டம் ஞாயிற்றுக்கிழமையைப் பொது விடுமுறையாக எண்ணியது. ஆனால் பம்பாய் ஆலைத் தொழிலாளர் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் போராடி ஞாயிறு ஓய்வைப் பெற்றது 1890இல், தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வை ஏற்றது 1891இல். கடன் பத்திரத்துக்கு ஓய்வு முதலில் வந்தது, தறியில் நின்றவருக்குப் பிறகே வந்தது. இந்திய விடுமுறைச் சட்டங்களின் போக்கையே இந்த முன்பின் விளக்கிவிடும் என்று கருத இடமுண்டு. சிவப்பு எழுத்து கணக்கருக்கு உரியது, தொழிலாளியின் விடுமுறையோ வேறொரு சட்டக் கிளையில் கேட்டுப் பெற்றது.

அந்தக் கிளையில் தமிழ்நாட்டுக்கு உரியது, தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து ஆய்வாளர் குறிக்கும் ஐந்து பண்டிகை நாள்களும் ஆக ஒன்பது நாள்களை அது சம்பளத்தோடு தருகிறது. அந்நாளில் வேலை செய்தவருக்கு இரு மடங்கு சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளில் சம்பள விடுமுறையோ சேரவேண்டும். தேர்தல் வாக்குப்பதிவு நாள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவின்படி, இவற்றுக்குப் புறம்பாகச் சம்பளத்தோடு கிடைப்பது.

விடுமுறை வேறு, விடுப்பு வேறு. முன்னது எல்லோருக்கும் ஒரே நாளில் வருவது, பின்னது ஒவ்வொருவரும் உழைத்து ஈட்டுவது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என மறு ஆண்டில் விடுப்பு தந்தது. 300 நாள் வேலை செய்தவருக்கு அது 15 நாள் ஆகும். அதன் இடத்தில் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. கடைப் பணியாளருக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் தனி. அங்கே ஓராண்டு தொடர்ந்து பணியாற்றினால் 12 நாள்.

இங்கேதான் மனிதவள அலுவலர்கள் பெருந்தவறு செய்கிறார்கள். சனியும் திங்களும் விடுப்பு எடுத்தவரின் கணக்கில் நடுவே வந்த ஞாயிற்றையும் சேர்த்து மூன்று நாள் கழிக்கும் வழக்கத்துக்குச் 'சாண்ட்விச் லீவு' என்று பெயர் சூட்டி, அதை ஒரு விதி போலவே நடத்துகிறார்கள். விடுப்பின் நடுவிலோ இரு முனையிலோ வரும் விடுமுறை நாள்கள் இந்த ஈட்டிய விடுப்பில் சேரா என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்லியது; நடுவே வரும் விடுமுறையை விடுப்பில் சேர்க்கலாகாது என்பதே புதிய தொகுப்பின் விதியும் ஆதலால், நிறுவனத்தின் உள்விதி அதைத் தாண்டிச் செல்ல முடியாது. சட்டப் புத்தகத்தைப் புரட்டாமல் கணினி மென்பொருள் காட்டும் எண்ணையே சட்டம் என்று கொள்வது சோம்பலன்றி வேறில்லை.

இனி உன் கேள்விக்கு, தம்பி, விடை நாட்காட்டியில் இல்லை. அந்த ஆலைக்கென ஆண்டுதோறும் குறிக்கப்படும் ஒன்பது நாள் பட்டியலைக் கேட்டுப் பார். மாட்டுப் பொங்கல் அதில் இருந்து, வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளமும் மாற்று விடுமுறையும் இரண்டுமே கிடைக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பட்டியலில் இல்லையென்றால் ஆலை அன்று திறந்திருந்தது 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறானதன்று.