கறுப்பு முதலில், சாம்பல் பிறகு: சக்கர வீட்டின் கழிவுநீர்ப் பாடம்

வீட்டில் கழிப்பறையின் பிடியை அழுத்துகிறோம். தண்ணீர் சுழன்று இறங்குகிறது. அத்துடன் அந்தக் கழிவைப் பற்றிய நம் பொறுப்பும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது எந்தக் குழாய் வழியாகப் போகிறது, எங்கே சேர்கிறது என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

காருக்குப் பின்னால் சிறிய டிரெய்லரை இணைத்துக்கொண்டு முகாமுக்குப் புறப்படும் குடும்பம் அப்படி இருக்க முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறையில் இப்படிப் பயணம் செய்வோர் ஏராளம். படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கழிப்பறை எல்லாம் அந்தச் சக்கர வீட்டுக்குள்ளேயே இருக்கும். சில நாள்களில் சேரும் கழிவும் அதன் அடிப்பகுதியில் கூடவே பயணம் செய்யும். அதைக் குடும்பத்தில் ஒருவர் தம் கையாலேயே இறக்கியாக வேண்டும். அதற்கென அமைத்த இடத்துக்கு ‘டம்ப் ஸ்டேஷன்’ என்று பெயர். தமிழில் கழிவிறக்கு நிலையம் எனலாம்.

அங்கே அனுபவசாலிகள் புதியவர்களுக்கு மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். தொட்டி நன்றாக நிறையும்வரை திறக்காதே. கறுப்பை முதலில் திற, சாம்பலைப் பிறகு திற. குடிநீர்க் குழாயை அருகில் கொண்டுவராதே. கேட்பதற்கு இவை வெறும் பழக்கம்போலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயற்பியலோ உயிரியலோ இருக்கிறது. இவ்வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மூன்று தொட்டிகள்

சிறிய டிரெய்லரில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். முதலாவது, நல்ல தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது, சாம்பல் தொட்டி. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் இதில் சேரும். மூன்றாவது, கறுப்புத் தொட்டி. கழிப்பறைக் கழிவு நேரே இதில் விழும். ஒவ்வொன்றும் சுமார் 75 முதல் 115 லிட்டர்வரை கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆகவே நிறைந்த ஒரு தொட்டி, பெரிய மனிதர் ஒருவரின் எடைக்குக் குறையாது.

கறுப்புத் தொட்டியின் வாய் பெரியது; அதன் வடிகுழாய் சுமார் 7.5 சென்டிமீட்டர் விட்டம் உடையது. சாம்பல் தொட்டியின் குழாய் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. இரண்டும் டிரெய்லரின் பக்கவாட்டில் ஒரே வெளிவாயில் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, கையால் இழுத்துத் திறக்கும் தகட்டு வால்வு உண்டு.

ஏன் நிறையும்வரை காத்திருக்க வேண்டும்?

புதியவர்கள் பலர், ‘அசுத்தத்தை ஏன் சேர்த்து வைக்க வேண்டும்? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினால் நல்லதுதானே?’ என்று நினைப்பார்கள். சில முகாம்களில் டிரெய்லர் நிறுத்தும் இடத்திலேயே கழிவுக் குழாய் இணைப்பு இருக்கும். அங்கே கறுப்பு வால்வை நாள் முழுவதும் திறந்தே வைத்துவிடுவோரும் உண்டு. இதன் விளைவு நேர்மாறாக இருக்கும்.

வால்வு திறந்திருந்தால் நீர் மட்டும் உடனுக்குடன் வடிந்துவிடும். திடக்கழிவும் தாளும் தொட்டியின் அடியில் தங்கிவிடும். கழிப்பறைக்கு நேர் கீழே அவை கூம்புபோலக் குவிந்து, காய்ந்து, கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் குவியல் எளிதில் கரையாது.

மூடிய தொட்டியில் கழிவு நீருக்குள் ஊறிக் குழம்புபோல ஆகிறது. வால்வைத் திறந்ததும் மேலே நிற்கும் நீரின் அழுத்தம் அதைத் தள்ளுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி கண்ட விதி இதை விளக்கும். ஒரு துளை வழியே நீர் பாயும் வேகம், அத்துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் 6 சென்டிமீட்டர் உயரம் நின்றால் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1.1 மீட்டர். 24 சென்டிமீட்டர் நின்றால் ஏறக்குறைய 2.2 மீட்டர். குழாயின் உராய்வால் உண்மையான வேகம் இதைவிடக் குறையும் என்றாலும் விகிதம் நமக்குப் புரிகிறது. வேகமாகவும் நிறையவும் பாயும் நீரே திடப்பொருளை இழுத்துச் செல்லும். அதனால்தான் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், கழிப்பறை வழியாகத் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டிக்கொண்டு திறப்பார்கள்.

ஏன் கறுப்பு முதலில்?

இரண்டு தொட்டிகளும் ஒரே ரப்பர் குழாய் வழியாகத்தான் வெளியேறுகின்றன. கறுப்பை முதலில் இறக்கினால் குழாயின் உட்புறம் அழுக்காகும். அடுத்து வரும் சாம்பல் தொட்டியின் சோப்பு நீர் அந்த அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றினால் கடைசியில் குழாயில் தங்குவது மலக்கழிவு. அதைச் சுருட்டி டிரெய்லருக்குள் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

வேலை நடக்கும் முறை இது. கையுறை அணிந்துகொள்ள வேண்டும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வெளிவாயின் மூடியைக் கழற்ற வேண்டும். குழாயின் ஒரு முனையை டிரெய்லரில் பூட்டி, மறுமுனையைத் தரையிலுள்ள துளைக்குள் நன்றாகச் செருக வேண்டும். நீர் பாயும்போது குழாய் துள்ளும். ஆகவே அந்த முனை எழும்பாதபடி ஒரு கனமான பொருளை வைக்க வேண்டும். பிறகு கறுப்பு வால்வைத் திறந்து, பாயும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, மூட வேண்டும். அடுத்துச் சாம்பல் வால்வு. எல்லாம் முடிந்ததும் டிரெய்லர் பக்க முனையை முதலில் கழற்றி உயர்த்தினால் குழாயில் மிஞ்சிய நீரும் துளைக்குள் வடிந்துவிடும்.

இறுதியாக, காலியான கறுப்புத் தொட்டிக்குள் சில லிட்டர் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். அடுத்து விழும் கழிவு உலர்ந்த தரையில் ஒட்டாமல் நீரில் விழுவதற்காக இந்த ஏற்பாடு.

இரண்டு குழாய், இரண்டு உலகம்

கழிவிறக்கு நிலையத்தில் பெரும்பாலும் ஒரு தண்ணீர்க் குழாய் தொங்கும். அதன்மேல் ‘இது குடிநீர் அல்ல’ என்ற அறிவிப்பு இருக்கும். குழாயில் வருவது சில இடங்களில் நல்ல தண்ணீராகவே இருக்கலாம். ஆனாலும் அதைக் குடிக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள்.

முதற்காரணம் தொடுகை. கழிவுக் குழாயைப் பிடித்த அதே கையுறையோடுதான் எல்லாரும் அந்தக் குழாயையும் பிடிக்கிறார்கள். சிலர் அதன் முனையைக் கழிவுத் துளைக்குள்ளேயே விட்டுக் கழுவுகிறார்கள்.

இரண்டாவது காரணம் பின்னோட்டம். ஊரில் எங்கோ பெரிய குழாய் உடைந்து அழுத்தம் சட்டென்று குறைந்தால், நீர் முன்னோக்கி வராமல் பின்னோக்கி உறிஞ்சப்படும். அப்போது குழாயின் முனை அழுக்கு நீரில் மூழ்கியிருந்தால் அந்த அழுக்கும் குழாய்க்குள் ஏறிவிடும். இதைத் தடுக்கத்தான் இத்தகைய குழாய்களில் பின்னோட்டத் தடுப்பான் பொருத்துகிறார்கள். குழாய் முனைக்கும் அழுக்கு நீருக்கும் இடையே காற்று இடைவெளி இருப்பது அதைவிட எளிய பாதுகாப்பு.

மலக்கழிவில் நோரோ வைரஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் ‘ஏ’ வைரஸ், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா ஒட்டுண்ணி முதலியவை இருக்கக்கூடும். ஜியார்டியாவின் கூடுகள் சுமார் 10 உடலுக்குள் போனாலே நோய் தொற்றக்கூடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும் என்பது இதன் பொருள். கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். நோரோ வைரசுக்கு எதிராகக் கைத்தூய்மிப் பசை அவ்வளவு பயன் தராது.

எனவே குடிநீர் நிரப்புவதற்குத் தனிக் குழாயும் அதை வைக்கத் தனிப் பெட்டியும் வேண்டும். கழிவு வேலை முடிந்து, கை கழுவி, வண்டியைச் சற்று முன்னே நகர்த்தி, குடிநீருக்கென உள்ள இடத்தில்தான் நிரப்ப வேண்டும்.

சாம்பல் நீர் பாவம் அறியாததா?

‘குளித்த தண்ணீர்தானே, மரத்தடியில் விட்டால் என்ன?’ என்ற கேள்வி அடிக்கடி எழும். சாம்பல் நீரில் சோப்பு, எண்ணெய், உணவுத் துணுக்கு, நம் தோலிலிருந்து வந்த நுண்ணுயிரிகள் எல்லாம் உண்டு. மூடிய தொட்டியில் ஓரிரு நாள் கிடந்தாலே ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் தொடங்கிவிடும். காட்டில் கொட்டினால் உணவு வாடைக்குக் கரடி போன்ற விலங்குகள் முகாமைத் தேடி வரும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிகள், டிரெய்லரின் கழிவை அதற்கென ஒதுக்கிய இடங்களைத் தவிர வேறெங்கும் வடிக்கக் கூடாது என்கின்றன.

வாடை, மருந்து, நல்ல நுண்ணுயிரி

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. டிரெய்லரின் கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் இந்த வாயுவை மேலே அனுப்புகிறது.

வாடையை அடக்க முன்பெல்லாம் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்துகளைத் தொட்டியில் ஊற்றினார்கள். அது நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும், வாடையும் குறையும். ஆனால் அந்த மருந்து தொட்டியோடு நிற்பதில்லை. ஊர்ப்புறங்களில் உள்ள கழிவிறக்கு நிலையங்கள் பல, நிலத்தடிச் செப்டிக் தொட்டியில் முடிகின்றன. அங்கே கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள்தாம். மருந்து அவற்றையும் கொன்றால் கழிவு சிதையாது. சிதையாத துகள்கள் வழிந்தோடி, நீரை உறிஞ்ச வேண்டிய மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மண் அடைபட்டால் நிலையத்தை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் பிறகு அவ்வழியே வருபவர்கள் எங்கே போவார்கள்?

கலிபோர்னியா மாநிலம் இத்தகைய மருந்துகளில் ஃபார்மால்டிஹைடைத் தடை செய்துள்ளது. இப்போது நுண்ணுயிரிகளையும் நொதிகளையும் கொண்ட மருந்துகள் கிடைக்கின்றன. இவை பாக்டீரியாவைக் கொல்வதற்குப் பதிலாக அதற்குத் துணை நிற்கின்றன.

ஈரத் துடைப்பான்களையும் கறுப்புத் தொட்டியில் போடக் கூடாது. சாதாரணக் கழிப்பறைத் தாளை நீர் நிறைந்த புட்டியில் போட்டுக் குலுக்கினால் பிய்ந்து கரையும். ஈரத் துடைப்பான் முழுசாகவே மிதக்கும். பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சோதனையே சாட்சி.

வீட்டில் செய்து பாருங்கள்

1.5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நான்கு கரண்டி குழைந்த கஞ்சியும் சில துண்டு கழிப்பறைத் தாளும் போடுங்கள். முதல் புட்டியில் கால் குவளை தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாவதில் முக்கால் பங்கு நிரப்பிக் குலுக்குங்கள். ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் இரண்டையும் வாளியின்மேல் கவிழ்த்துப் பாருங்கள். எதில் அதிகம் ஒட்டி நிற்கிறது?

நிறைந்த புட்டியைக் கவிழ்க்கும்போது ‘களக் களக்’ என்று திணறும். வெளியேறும் நீரின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வழி ஒன்றே என்பதால் நீரும் காற்றும் மாறி மாறிப் போகின்றன. புட்டியின் அடியில் பெரியவர் ஒருவரை ஒரு துளையிடச் சொல்லி மீண்டும் முயலுங்கள். டிரெய்லரின் கூரைக் குழாய்க்கு இன்னொரு வேலையும் இருப்பது புரியும். மிகச் சிறிய டிரெய்லர்களில் பெட்டிபோல உருவித் தூக்கிச் செல்லும் கழிவுத் தொட்டி இருக்கும். அதில் காற்றுக்கென ஒரு பொத்தான் வைத்திருப்பதும் இதனால்தான். அதை அழுத்தாமல் கவிழ்த்தால் கழிவு திணறித் தெறிக்கும்.

நம் நாட்டிலும் செப்டிக் தொட்டி உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. டிரெய்லரில் செல்லும் குடும்பம் நாலு நாளுக்கு ஒருமுறை கண்ணால் காண்பதை, அந்தத் தொட்டி மண்ணுக்கடியில் மறைத்து வைத்திருக்கிறது. அங்கேயும் அதே பாக்டீரியாதான் வேலை செய்கிறது. ஈரத் துடைப்பானையோ மிச்சம் போன கிருமிநாசினியையோ கழிப்பறையில் கொட்டப் போகும்போது, அந்தக் கழிவு எங்கே போய்ச் சேரும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

சிந்திக்க

1. கறுப்புத் தொட்டியில் நீரின் உயரம் 5 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டராக உயர்ந்தால், பாயும் வேகம் எத்தனை மடங்காகும்?

2. கழுவும் குழாயின் முனையை வாளி நீருக்குள் மூழ்கவிடாமல் சற்று மேலே பிடிப்பது ஏன் பாதுகாப்பானது?