மலையடிவாரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள்: மின்காந்தக் குறுக்கீட்டைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல், திக்கித் திக்கி நகரும் வயர்லெஸ் மவுஸ், கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்ற உணர்வு. புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் இவை இருந்தால் பலரும் பாகங்களைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் எர்த்திலும் பொருத்திய விதத்திலும்தான் இருக்கும். திருவண்ணாமலை போன்ற பாறைப்பாங்கான ஊரில் நல்ல எர்த் கிடைப்பது எளிதல்ல. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: முதலில் எர்த்

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.-க்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் உண்டு. மின்காந்த இரைச்சலை எர்த் கம்பி வழியாக வடிப்பது அதன் வேலை. எர்த் இல்லாவிட்டால் வடிகால் அடைபட்டுவிடும்; கேபினெட்டில் 230 வோல்ட்டின் பாதி, சுமார் 115 வோல்ட் நிற்கும். விரலில் சுருக்கென்பது இதனால்தான்.

எலக்ட்ரீஷியனை அழைத்து பிளக் பாயிண்டை மல்டிமீட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பாறை காரணமாக ஆழமாகத் தோண்ட முடியாத இடத்தில், உலோகப் பட்டையைக் கிடைமட்டமாக நீளப் புதைக்கலாம். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

எர்த்தையும் நியூட்ரலையும் பிளக்கிலேயே இணைத்துவிடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். நியூட்ரல் கம்பி அறுந்தால் கேபினெட்டிலேயே மின்சாரம் பாயும்.

படி 2: கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

எல்லாப் பக்கமும் இரும்புத் தகடு உள்ள கேபினெட்டே இரைச்சலை உள்ளே அடக்கும். கண்ணாடிப் பக்கம் அழகு. ஆனால் மின்காந்த அலையைத் தடுக்காது. விலை மிகக் குறைந்த எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் ஃபில்டர் பாகங்களையே விட்டுவிடுவார்கள். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 3: மதர்போர்டைப் பொருத்துதல்

பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடான ஐ.ஓ. ஷீல்டை முதலில் மாட்டுங்கள். அதன் சிறு உலோக நாக்குகள் போர்ட்டுகளின் உலோகத்தை வெளியிலிருந்து தொட வேண்டும். போர்ட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. மதர்போர்டில் உள்ள எல்லாத் துளைகளுக்கும் நேராகப் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் வைத்து ஸ்குரூவை இறுக்குங்கள். எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் இடத்தில் பெயிண்ட் தடிப்பாக இருந்தால் ஸ்குரூ துளையைச் சுற்றி மட்டும் சுரண்டிவிடுங்கள். காலி ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடுங்கள்.

படி 4: கேபிள்கள்

முன்பக்க ஆடியோ கேபிளை மதர்போர்டின் கீழ் ஓரமாகக் கொண்டுபோங்கள். கிராஃபிக்ஸ் கார்டையும் பவர் கேபிள்களையும் ஒட்டி ஓடவிடாதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மானிட்டர், யு.எஸ்.பி. கேபிள்களின் முனையருகே ஃபெரைட் கிளிப் மாட்டலாம்.

யு.எஸ்.பி. 3.0 இணைப்பின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகளைப் பாதிப்பதை இன்டெல் 2012-இல் வெளியிட்ட அறிக்கை விளக்கியது. ஆகவே மவுஸ் ரிசீவரை நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டிலிருந்து தள்ளி, எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டுங்கள்.

படி 5: சுற்றுப்புறம்

மிக்ஸி, கிரைண்டர் ஓடும் லைனில் கம்ப்யூட்டரை மாட்டாதீர்கள். கார்த்திகை தீபத் திருவிழா நாட்களிலும் பௌர்ணமி கிரிவல இரவுகளிலும் வீட்டிலோ கடையிலோ போடும் சீரியல் விளக்கு, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றுக்குத் தனி பாயிண்ட் கொடுங்கள்.

படி 6: ரேடியோ சோதனை

பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் கிடைக்காத இடத்தில் வையுங்கள். கேபினெட், மானிட்டர், ஒவ்வொரு கேபிள் என்று அருகில் கொண்டுபோங்கள். உறுமல் கூடும் இடமே இரைச்சலின் ஊற்று. பவர் கேபிளை ஒட்டியே உறுமினால், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் எர்த்தையும் மறுபடி பாருங்கள். பக்கத் தகட்டைத் திறந்தும் மூடியும் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை படிகளிலும் பணம் கேட்பவை சிலவே. மற்றவை கவனத்தை மட்டும் கேட்பவை. ஒன்றே ஒன்றுக்குத்தான் செலவு செய்ய முடியுமென்றால், அது எர்த்தாக இருக்கட்டும். அது கம்ப்யூட்டரை மட்டுமல்ல, அதைத் தொடும் உங்கள் பிள்ளைகளையும் காக்கும்.