கவ்வாத்துக்குப் பிறகும் துளிர்க்காத செடிகள்

கேள்வி: ஹட்டன் பக்கம் எனக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கவ்வாத்து வெட்டி மூன்று மாதமாகியும் பல செடிகள் துளிர்க்கவில்லை. வெட்டாத பக்கத்தில் அடி இலைகளின் ஓரம் தீய்ந்து கிடக்கிறது. உர விலை ஏறியதிலிருந்து யூரியா மட்டும்தான் போடுகிறேன். மற்றச் சத்தெல்லாம் செம்மண்ணிலேயே இருக்கும்தானே ஐயா?

பதில்: இருந்தாலும் தங்காது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் பொற்றாசியக் குறைதான். சத்துப் போதாதபோது செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முதலில் தீய்கிறது.

நம் மலைநாட்டு மண் நெடுங்காலம் மழையில் கரைந்து தேய்ந்தது. அதிலுள்ள களி பெரும்பாலும் கயோலினைற்று. சத்தைப் பிடித்துவைக்கும் வலு அதற்குக் குறைவு. புளிப்பு கூடினால் அந்தக் கொஞ்ச இடத்தையும் அலுமினியம் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைத் தென்மேற்குப் பருவமழை கான் வழியே கொண்டுபோகும். 1,000 கிலோ தூளுக்கான கொழுந்தோடு சுமார் 20 கிலோ பொற்றாசியம் மலையை விட்டு இறங்குகிறது. அதை ஈடுசெய்யவே எம்.ஓ.பி. என்னும் பொற்றாசிய உரம் 40 கிலோ வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டுச் சமாளித்தவர்கள் எத்தனையோ பேர். உங்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் யூரியா மட்டும் போட்டால் கொழுந்து கூடக் கூடப் பொற்றாசியமும் வேகமாக வெளியேறும்.

வெட்டிய செடி வேரில் சேர்ந்த மாப்பொருளைக் கொண்டுதான் துளிர்க்கிறது. அது வேருக்கு இறங்கப் பொற்றாசியம் தேவை. அடுத்த முறை கத்தி வைக்குமுன் பென்சில் பருமனான வேர் ஒன்றை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடின் கரைசல் தடவிப் பாருங்கள். கருநீலமானால் வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஆறவிடுங்கள்.

எம்.ஓ.பி.யை ஒரேயடியாகக் கொட்டாமல், மண் ஈரமாக உள்ள, அடைமழை இல்லாத நாட்களில் பிரித்துப் போடுங்கள். அளவைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் மண்ணைச் சோதித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதிக்காமல் டொலமைற்றை அள்ளிப் போட வேண்டாம். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் பொற்றாசியத்தோடு போட்டிபோடும்.

கவ்வாத்தில் விழும் மிலாறு அடுப்புக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தடித்த கொம்பை மட்டும் கட்டிக்கொண்டு, இலையையும் சிறு குச்சியையும் செடியடியிலேயே விட்டுவிடுங்கள். அடுப்புச் சாம்பலிலும் பொற்றாசியம் உண்டு. ஆனால் அது காரம், தேயிலைக்கோ புளிப்பு மண் வேண்டும். சாம்பலை லீக்ஸ் பாத்திக்குத் தூவுங்கள்.