அந்தமானுக்குத் தனியாக: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"தனியாவா போறே? யாராவது துணைக்கு வரட்டுமே" என்று வீட்டில் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். துணை சேரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, ஒரு ஜனவரியில் ஒற்றை ஆளாகக் கிளம்பினேன். முதல் தனிப்பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கடல் கடந்து போகிறோம், ஆனால் பாஸ்போர்ட் வேண்டாம். இறங்கிய ஊரில் ஆட்டோக்காரரும் மெஸ் நடத்துகிறவரும் தமிழில் பேசுகிறார்கள். பழனிக்குப் போகிற மாதிரி வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போய் வரலாம்.

படி 1: மாதமும் வழியும்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கி இருக்கும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் படகுகள் அடிக்கடி நின்றுபோகும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். நேரம் இருப்பவர்கள் ஒரு முறையாவது கப்பலில் போகவேண்டும் என்பேன்.

இந்தியர்களுக்கு அந்தமானில் சுற்றத் தனி அனுமதி தேவையில்லை, ஆதார் அட்டை போதும். நிக்கோபார் அப்படியல்ல. ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் நக்கவாரம் என்று வரும் அந்தத் தீவுகள் பழங்குடிக் காப்புப் பகுதி. சுற்றுலாவுக்கு அங்கே இடமில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்று வரும். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவாகவும், நீல் ஷாஹீத் தீவாகவும் மாறின. சீட்டில் புதிய பெயர் இருக்கும், படகுக்காரர் வாயில் பழைய பெயர்தான் வரும். இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள்.

படி 2: முதல் நாளைச் சிறைக்குக் கொடுங்கள்

விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரைத் தீவுகளுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். செல்லுலார் சிறை 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டடங்கள். இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். பொதுக் கொட்டடியே கிடையாது, எல்லாம் ஒற்றை அறைகள்.

கூட்டமாக வருகிறவர்கள் கோபுரத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் மேல்மாடியில் ஓர் அறைக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். உயரத்தில் சின்னதாக ஒரு காற்றுத்துளை, அவ்வளவுதான். விரும்பித் தனியாக வந்திருந்த எனக்கு, தனிமையையே தண்டனையாகக் கொடுத்த இடத்தில் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்த அறை எனக்குப் பிடிபட்டிருக்காது.

படி 3: முதலில் கப்பல் சீட்டு, பிறகு அறை

புதிதாகப் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். விடுதியை முதலில் பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதிக்குக் கப்பலில் இடமில்லாமல் தவிப்பார்கள். சுவராஜ் தீவுக்கு அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் எடுக்கும், தனியார் அதிவேகக் கப்பல் ஒன்றரை மணி நேரம். அரசுக் கப்பல் தீவுக்காரர்களின் டவுன் பஸ் மாதிரி: காய்கறிக் கூடை, பள்ளிப் பை, சைக்கிள் எல்லாம் ஏறும். தனியாக வருகிறவருக்குப் பேச்சுத்துணை அங்கேதான் கிடைக்கும். ஒற்றை இருக்கை என்பதால் கடைசி நேரத்தில் இடம் கிடைக்க உங்களுக்கு வாய்ப்பும் அதிகம்.

காற்று மாறினால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஸ்ரீ விஜயபுரம் வந்துவிடுங்கள்.

படி 4: சூரியனோடு எழுந்திருங்கள்

கடிகாரம் நம் ஊர்க் கடிகாரம்தான். ஆனால் அந்தமான் மிகவும் கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரைக்கு நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள். அறைக்குத் திரும்பும் சாலையில் விளக்குகள் குறைவு. தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: பகலைக் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள், அறையைப் படகுத்துறைக்குப் பக்கமாகவே எடுங்கள்.

கையில் ரொக்கம் இருக்கட்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-இல் வந்த பிறகு இணையம் தேறியிருக்கிறது. என்றாலும் ஊரைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால் நனையக்கூட இறங்க வேண்டாம்.

படி 5: நீருக்குள்

நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் கைப்பிடியில் ஸ்கூபா இறங்கலாம். ஆனால் மூழ்கி எழுந்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. பவளத்தைத் தொடாதீர்கள். கரையில் செத்துக் கிடக்கும் துண்டையும் பையில் போடக்கூடாது, அது குற்றம்.

படி 6: ஜாரவா காட்டுப் பாதை

பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி, குறித்த நேரத்தில் வரிசையாக அனுப்புவார்கள். வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். அந்தச் சாலையில் காப்புக்காட்டின் ஊடாகப் போகும் பகுதிகளை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-இலேயே உத்தரவிட்டது; ஆனாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "ஜாரவாவைக் காட்டுறேன்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல. நான் குகைகளை விட்டுவிட்டு ரங்கத்துக்குக் கடல்வழியாகவே போனேன்.

படி 7: வற்றத்துக்குக் காத்திருப்பது

ஷாஹீத் தீவைச் சைக்கிளிலேயே சுற்றி முடிக்கலாம். அங்கே கடல் குடைந்த பாறைப் பாலம் ஒன்று உண்டு. அதன் அடிவரை போவது கடல் வற்றும்போதுதான் எளிது. வற்றம் எப்போது என்று விடுதியில் கேட்டுக்கொண்டு, கெட்டியான செருப்புப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். இறந்த பவளம் காலைக் கிழிக்கும்.

நான் போனபோது தண்ணீர் இன்னும் முழங்காலளவு நின்றது. குடும்பங்கள் பார்த்துவிட்டுத் திரும்பின. அவர்களுக்கு மதியக் கப்பல். எனக்கு அவசரம் சொல்ல யாருமில்லை. இளநீர் விற்ற அக்கா, "உட்காருப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிரும்" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். பேசிக்கொண்டே இருந்தோம். பாறைக்கு அடியில் முதல் குழி தெரிந்தது; அதில் உள்ளங்கை அகல நீரில் ஒரு நீல மீன்.