கேதார்நாத் போகிறீர்களா? அழகர்மலையில் ஆரம்பியுங்கள்!

"எனக்கென்ன சார் பயம்? தினமும் காலையில ரேஸ்கோர்ஸ் மைதானத்தை நாலு ரவுண்டு சுத்துறேன். சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. கேதார்நாத் என்ன, கைலாசமே போயிட்டு வருவேன்!"

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, எங்கள் தெரு நண்பர் இப்படிச் சொன்னபோது கையில் ரயில் டிக்கெட்டே இருந்தது. மொத்தம் ஏழு நாள் திட்டம். டெல்லிக்குப் போகவர நாலு நாள் ஓடிவிடும். மீதி மூன்று நாளில் மலை ஏறி இறங்க வேண்டுமாம்!

சிக்கல் காலில் இல்லை, காற்றில் இருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். கேதார்நாத்தோ 3,583 மீட்டர். அங்கேயும் காற்றில் பிராணவாயு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. இங்கே இரண்டு மூச்சில் கிடைப்பதற்கு அங்கே மூன்று மூச்சு வாங்க வேண்டும். இதற்கு உடம்பு பழக சில நாட்களாவது ஆகும். அந்த அவகாசத்தைக் கொடுக்காவிட்டால் வருவதுதான் மலைநோய். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை என்று ஆரம்பிக்கும். தினமும் ஓடுகிற இளைஞருக்கும் வரும். சொல்லப்போனால் வேகமாக ஏறுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கேதார்நாத் பாதை இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் கௌரிகுண்டில் நடக்க ஆரம்பித்தால் (2013 ஜூன் வெள்ளத்துக்குப் பின் பாதை சுமார் 16 கிலோமீட்டர்) சாயந்திரமே 3,500 மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள். அதனால் குப்தகாசியிலோ கௌரிகுண்டிலோ இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். வழியில் லின்சோலி முகாமில் இடம் கிடைத்தால் ஒரு ராத்திரி அங்கே படுத்துவிட்டு மறுநாள் மேலே போவது இன்னும் நல்லது. ஹெலிகாப்டரில் போனால் கால் வலிக்காது, வாஸ்தவம்தான். ஆனால் சில நிமிடங்களில் மேலே இறக்கிவிட்டால் உடம்பு எப்படிப் பழகும்?

மேலே தலைவலி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். ஓய்வு எடுத்தும் குறையாவிட்டால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமலில் நுரை வருகிறதா? நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்று அர்த்தம். பேச்சு குழறினால் மூளை வீங்குகிறதோ என்று சந்தேகப்படுங்கள். குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் இருட்டோ மழையோ பார்க்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். "சாமி பார்த்துக்குவார், காலையில தரிசனம் முடிச்சிட்டு இறங்கலாம்" என்ற பிடிவாதம் உயிருக்கே உலை வைக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே கூடவே கூடாது. இரண்டும் மூச்சை மந்தப்படுத்தும்.

மலைநோய் வராமல் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று நீங்களாக வாங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விஷயத்தில் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்; உறைந்துபோன இன்சுலின் வீண். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தப்பாகக் காட்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் போடவே வேண்டாம்.

இனி பயிற்சி. சமதரை நடை போதாது, மூன்று மாதம் ஏற்றம் ஏற வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அழகர்மலை இருக்கிறதே! கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை மலைச்சாலையில் முதலில் வெறுங்கையோடு, பிறகு முதுகில் அஞ்சு கிலோ பையோடு நடந்து பாருங்கள். (பையில் வாழைப்பழம் வெளியே தெரியக்கூடாது. குரங்குகள் விடாது!) இது காலையும் இதயத்தையும் பழக்குமே தவிர உயரத்துக்குப் பழக்காது, ஞாபகமிருக்கட்டும். காட்டுப்பாதை வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பலரை மதுரை அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

ஜூலை, ஆகஸ்டு மழையில் அங்கே மலைச்சரிவு அதிகம். மே, ஜூன் கூட்டம் தாங்காது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தேவலை. குளிர் மட்டும் கூடுதல். யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம்.

நண்பர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அக்டோபருக்கு, பன்னிரண்டு நாள் திட்டமாக மாற்றிவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் தம்பதியாக அழகர்மலை. வீட்டம்மா முன்னால் போய் நூபுர கங்கையில் காத்திருக்கிறார்களாம்!