பெர்பெத்துவா: பெயரும் பொருளும்

எங்கள் வகுப்பில் ஆரோக்கியமேரி இருவர், சகாயமேரி மூவர். பெர்பெத்துவா ஒருத்திதான். வாயில் நுழையாத பெயர் என்று நாங்கள் அவளைப் 'பெப்பர்மின்ட்' என்றே அழைத்து வந்தோம். அவளும் சிரித்துக்கொள்வாள். அரசுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்த அன்று, "என் பெயரை மாற்றிக்கொள்ளலாமா, சிஸ்டர்?" என்று அவள் கேட்டபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. சிஸ்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "அந்தப் பெயரைப் பற்றி அறிந்து வாருங்கள்" என்றார். நாங்கள் அறிந்ததை இங்கே தருகிறோம்.

பெர்பெத்துவா என்பது இலத்தீன் பெயர். 'இடைவிடாத', 'என்றும் நிலைத்த' என்பது அதன் பொருள். இடைவிடா சகாய மாதா என்று நாம் நவநாளில் வேண்டுகிறோமே, அந்த 'இடைவிடா' என்பதற்கு இலத்தீனில் உள்ளதும் இதே சொல்தான்!

இப்பெயருக்குப் பெருமை சேர்த்தவர் விபியா பெர்பெத்துவா. விபியா என்பது குலப்பெயர். இன்றைய துனீசியா நாட்டிலுள்ள கார்த்தேஜ் நகரில் உயர்குடியில் பிறந்தவர். திருமுழுக்குப் பெற ஆயத்தம் செய்துவந்தபோது கைதானார். அப்போது வயது சுமார் 22. கையில் பால்குடிக்கும் குழந்தை. சிறையில் தம் கையாலேயே நாட்குறிப்பு எழுதினார். கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துகளுள் அது ஒன்று.

விசுவாசத்தை விட்டுவிடும்படி தந்தை மன்றாடினார். பெர்பெத்துவா அங்கிருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, அதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் தந்தை. அதுபோலவே தாமும் கிறிஸ்தவள் என்பதன்றி வேறொன்றாகத் தம்மைச் சொல்லிக்கொள்ள இயலாது என்றார் மகள்.

கி.பி. 203 மார்ச் 7 அன்று, பெலிசித்தா என்னும் அடிமைப் பெண்ணுடனும் வேறு சிலருடனும் கொடிய விலங்குகளின் முன் விடப்பட்டு, இறுதியில் வாளால் உயிர் துறந்தார். பெலிசித்தா சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தவர். அவர் பெயருக்கு 'மகிழ்ச்சி' என்று பொருள். இரு பெயர்களும் சேர்ந்தால் 'நிலையான மகிழ்ச்சி' என்றாவதைப் புனித அகுஸ்தினார் தம் மறையுரையில் எடுத்துக்காட்டினார். இருவருக்கும் மார்ச் 7 அன்றே திருநாள்.

இதை நாங்கள் வகுப்பில் வாசித்து முடித்ததும், பெர்பெத்துவா எழுந்துபோய்ப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே கையொப்பமிட்டாள். முழுப் பெயரையும் எழுதினாள். நாங்களும் இப்போது முழுப் பெயர் சொல்லியே அழைக்கிறோம்.

அன்புத் தோழியரே, உங்கள் வகுப்பிலும் அரிய பெயருடைய ஒருத்தி இருப்பாள். கேலிப்பெயர் வைக்குமுன் அவள் பெயரின் பொருளைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் அவளோடு படித்தும், நாங்கள் பத்தாம் வகுப்பில்தான் கேட்டோம்.